கழிவு போடாத எடை

குன்னூரில் ஸ்கேன் அறைக்கு வெளியே
பச்சை எழுத்தில் பலகை:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே சொல்லப்பட மாட்டாது.
சொல்லவில்லை.
இடது பாதம் உள்ளே திரும்பியிருப்பதைச்
சொன்னார்கள்.

கோத்தகிரி முதல் பஸ்ஸின் சன்னல் காற்றைவிட
ஜெல் குளிர்ந்தது.
டாக்டர் மும்தாஜ் கருவியை ஓரிடத்தில் நிறுத்தினார்,
நகர்த்தினார், மறுபடி அங்கேயே வந்தார்.
கொஞ்சம் நடந்துட்டு வாங்க என்றார்.
வராந்தாவில் பதினோரு தடவை நடந்தேன்.
திரும்பப் படுத்தபோதும் அது அப்படியேதான்:
முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்பும்
முழு உள்ளங்காலும்
ஒரே படத்தில்.
"இந்தக் கோணத்துல
உள்ளங்கால் தெரியக் கூடாதும்மா."

எனக்கு அழகாக இருந்தது.
ஐந்து விரல், உளுந்து உளுந்தாய்.
தெரியக் கூடாதாம்.

என் கையை வாங்கி
மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிக் காட்டினார்.
இப்படி. கிளப் ஃபுட்.
முதுகெலும்பு பார்த்துட்டேன், இதயம், மூளை, உதடு.
இன்னைக்குத் தெரிஞ்சவரை வேற ஒண்ணும் இல்ல.
அந்த 'இன்னைக்குத் தெரிஞ்சவரை'யை
பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிக்கொண்டு போனேன்.

என் வேலை பச்சை இலை எடை போடுவது.
சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளில் ஈரத்துக்குத் தனி,
முற்றல் இலைக்கு இன்னும் கொஞ்சம்.
கழித்துக் கழித்துப் பழகிய கை.
ரிப்போர்ட்டில் எடை எழுதிய வரியில் நின்றுவிட்டேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
கழிவு போட எங்கும் கட்டம் இல்லை.

இலைக் கொட்டகையில் பிலோமினா கேட்டாள்,
கிரகணத்தன்று வெளியே வந்தியா.
செண்பகம் கேட்டாள், கத்தி எடுத்தியா.
எடுத்தேன். பீன்ஸ் நறுக்கினேன்.
அதற்கு முந்தின மாதம் குழாயடியில் வழுக்கினேன்.
இரண்டு நாள் இரும்புச்சத்து மாத்திரை மறந்தேன்.
ஒவ்வொன்றாக எடுத்து
அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
டாக்டரிடம் போனில் கேட்டபோது
பீன்ஸ் என்று சொல்லத்தான் வெட்கம்.
அவர் சிரிக்கவில்லை.
"நீங்க செஞ்சதால இல்ல, செய்யாததால இல்ல.
பெரும்பாலும் ஏன்னு எங்களுக்கே தெரியாது."
ஒரு 'தெரியாது' இவ்வளவு ஆறுதலாய் இருந்ததை
யாரிடமும் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் லோடு இறக்கிவிட்டு
தவராஜ் வீடு வர இரவு பதினொன்று.
கிளப்பா, என்றார்.
அவருக்குத் தெரிந்த கிளப்பில் சீட்டாடுவார்கள்.
இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர்
குளியலறையில் ரொம்ப நேரம்
தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

வந்ததும் சொன்னேன்.
பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் மாவுக்கட்டு.
வாரம் ஒன்று, ஒவ்வொரு தடவையும் இம்மி திருப்பி,
ஐந்தோ ஆறோ.
குதிகால் நரம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கலாம்.
அப்புறம் நடுவில் கம்பி வைத்த ஷூ,
முதல் மூன்று மாதம் இரவு பகலாக,
பிறகு தூங்கும்போது, நாலு வயது வரை.
நடக்கும், ஓடும் என்றார்கள்.
கோயம்புத்தூர் போகணும், செவ்வாய்க்கிழமை தோறும்.

அவர் கேட்டது ஒன்றே:
செவ்வாய்க்கிழமை லோடை யாருக்குக் குடுக்கிறது.

கோபம் வந்தது.
பாதிச் சோற்றில்தான் புரிந்தது,
மனிதர் அதற்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விளக்கை அணைத்தபின்
டாக்டர் காட்டின மாதிரி கையை மடக்கு என்றார்.
மடக்கிக் கொடுத்தேன்.
ஸ்டியரிங் காய்ப்பு ஏறிய இரண்டு விரலால்
பிடித்து, கொஞ்சம் திருப்பி,
அப்படியே நிறுத்தினார்.
வலிக்குதா.
இல்ல.
இன்னும் கொஞ்சம்.

உள்ளே ஓர் உதை.
அவர் கையை இழுத்து அங்கே வைத்தேன்.
எந்தக் கால், என்றார்.
இடது, என்றேன்.
தெரியாது. சொன்னேன்.